தலையிழந்த தவளை தந்த சாட்சியம்

பல்லியின் வால் அறுந்து தரையில் விழுகிறது. விழுந்த வால் துடிக்கிறது, துள்ளுகிறது, வளைந்து நெளிந்து ஆடுகிறது. வாலுக்கு உரிமையுடைய பல்லியோ சுவரின் மறுகோடியிலே பதுங்கிக் கிடக்கிறது. பல்லி எந்தத் திசையில் ஒலி எழுப்பினால் என்ன பலன், எந்த உறுப்பின்மீது விழுந்தால் என்ன கேடு என்று பட்டியல் போட்டுப் பஞ்சாங்கத்திலே அச்சிட்டு விற்கும் நாட்டில், அந்த வால் கேட்கும் கேள்விக்குக் காது கொடுத்தோர் மிகச் சிலரே. உடலை ஆட்டுவிப்பது ஆத்மா, அது ஒன்றே, அதனை எந்த ஆயுதமும் அறுக்காது என்றனர். அங்ஙனமாயின், ஓடிப்போன பல்லியிடம் இருப்பது எது? இங்கே கிடந்து துடிப்பது எது?

இதே கேள்வியை ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கேட்டனர், பல்லியை வைத்தல்ல, தவளையை வைத்து. கேட்டோரில் பக்திமான்களும் உண்டு, பகுத்தறிவாளரும் உண்டு. அரண்மனை வைத்தியரும் உண்டு, அரசின் அடக்குமுறைக்கு ஆளானோரும் உண்டு. கையை, காலை அசைப்பது யார் என்பதே வழக்கு. கூண்டிலேறிச் சாட்சி சொன்னது, பெரும்பாலும், தலையில்லாத தவளை!

வழக்கின் தொடக்கத்தைக் காண ரோமாபுரிக்குப் போக வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே அங்கு வாழ்ந்த கேலன் எனும் மருத்துவர், விலங்குகளின் தண்டுவடத்தை ஒவ்வொரு மட்டத்திலும் அறுத்துப் பார்த்தார். அறுத்த இடத்துக்குக் கீழே உணர்வு போயிற்று, அசைவும் போயிற்று. கண்ணால் கண்டது சரி. ஆனால், அதற்கு அவர் கற்பித்த காரணம்? மூளையிலே பக்குவப்படுத்தப்பட்ட நுண்ணிய 'ஆவி' ஒன்று நரம்புகளின் வழியே பாய்ந்து தசையை இயக்குகிறது என்றார். கேலன் சொன்னார் என்பதற்காகவே 1,400 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆவி ஆட்சி புரிந்தது. முன்னோர் சொல் முழுமுதற் சான்று என்ற நோய் நமக்கு மட்டும் உரியதன்று.

பிரெஞ்சு நாட்டுத் தத்துவஞானி டெக்கார்ட் அந்த ஆவியை விரட்டவில்லை; ஆனால் அதனை இயந்திரத்துக்குள் அடைத்தார். நெருப்பருகே கால் வைத்த சிறுவன் வெடுக்கென்று காலை இழுத்துக் கொள்கிறான். ஏன்? நெருப்பின் துகள்கள் தோலைத் தாக்க, நரம்பினுள்ளே இருக்கும் இழை இழுபடுகிறது, கயிற்றை இழுத்தால் மறுமுனையில் மணி ஒலிப்பதுபோல, மூளையிலே ஒரு துளை திறக்கிறது, ஆவி பாய்கிறது, கால் விலகுகிறது. இதிலே ஆத்மாவுக்கு வேலையே இல்லை! இப்படி எழுதியவர், 1633இல் கலீலியோ தண்டிக்கப்பட்ட செய்தி கேட்டதும், அச்சுக்கு அனுப்ப இருந்த ஏட்டை மூடி வைத்துக் கொண்டார். அவர் 1650இல் மறைந்தார். 'மனிதன்' பற்றிய அந்நூல் 1662இல்தான் வெளிவந்தது. அதிலும் ஒரு சமரசம். விலங்கு வெறும் இயந்திரம். மனிதனுக்கு மட்டும் ஆத்மா உண்டு. அது மூளையின் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பியிலிருந்து ஆள்கிறது என்றார். ஆத்மாவுக்கு உடல் முழுதும் இருந்த உரிமை போய், ஓர் அறை மட்டும் மிஞ்சிற்று.

ஆவியின் கதையை முடித்தவர் ஆலந்து நாட்டு ஸ்வாமர்டாம். தவளையின் தசையை, நரம்போடு எடுத்து, கண்ணாடிக் குழலுக்குள் இட்டார். குழலின் மெல்லிய முனையிலே ஒரு துளி நீர். ஆவி பாய்ந்து தசையைப் புடைக்கச் செய்கிறது என்பது மெய்யானால், தசை சுருங்கும்போது நீர்த்துளி மேலே ஏற வேண்டுமல்லவா? நரம்பைச் சீண்டினார், தசை சுருங்கிற்று, துளி ஏறவில்லை. அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டு நம்பிக்கையை ஒரு துளி நீர் அசையாது நின்று பொய்யாக்கிவிட்டது. இச்சோதனை நடந்தது 1660களில். அச்சேறியது, அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்பு, 1738 அளவில். நரம்பில் ஓடுவது ஆவியன்று, மின்சாரத்தோடு உறவுடையது என்பதை இத்தாலியின் கால்வானி 1791இல் தவளைக் காலை வைத்தே எடுத்துரைத்தார்.

எது ஓடுகிறது என்பது ஒருபுறமிருக்க, எங்கிருந்து ஆணை வருகிறது என்ற கேள்வி நின்றது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு தவளையின் தலையை வெட்டினார். தலையற்ற உடலைக் குத்தினால் கால் உதைத்தது. பிறகு, ஓர் ஊசியை முதுகுத்தண்டினுள்ளே செலுத்தித் தண்டுவடத்தைச் சிதைத்தார். உதைப்பு நின்றது, எவ்வளவு குத்தினும் அசைவில்லை. எடின்பரோ நகர மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் ஒயிட் இதனைத் தாமும் செய்து பார்த்து, 1751இல் நூலாக வெளியிட்டார். தலை இல்லாமலே அசைவு உண்டு. தண்டுவடம் இல்லாமல் இல்லை. கணக்குப் போல் தெளிவு! ஆனால் ஒயிட் பெற்ற முடிவைக் கேளுங்கள்: ஆகவே, ஆத்மா மூளையில் மட்டுமல்ல, தண்டுவடம் நெடுகிலும் பரவியிருக்கிறது! உண்மை கண்ணெதிரே நின்றபோதும், பழைய பெயரைச் சூட்டியே அதனை அழைக்க அவருக்குத் தோன்றிற்று. அவரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் சோதனையை ஒளிக்காமல் எழுதி வைத்த நேர்மை அவருடையது. பின்வந்தோர் அந்தச் சோதனையை எடுத்துக் கொண்டனர், ஆத்மாவை விட்டுவிட்டனர்.

தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று முன்புறம், ஒன்று பின்புறம். ஏன் இரண்டு? லண்டனில் சார்லஸ் பெல் 1811இல் நூறே படிகள் அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்கிய சிறு ஏட்டில், முன்வேரைத் தொட்டால் தசை துடிக்கிறது என்றார். முழு விடையைத் தந்தவர் பாரிசின் மாஜெந்தி. 1822இல் நாய்க்குட்டிகளின் பின்வேரை அறுத்தார்: உணர்ச்சி போயிற்று, அசைவு இருந்தது. முன்வேரை அறுத்தார்: அசைவு போயிற்று, உணர்ச்சி இருந்தது. பின்வாசல் வழியே செய்தி உள்ளே வருகிறது. முன்வாசல் வழியே ஆணை வெளியே செல்கிறது. கண்டுபிடிப்பு தமதே எனப் பெல் வாதாடினார். பழைய கட்டுரைகளை மறுபதிப்பிடும்போது, தாம் முன்பே அறிந்திருந்ததாகத் தோன்றும்படிச் சொற்களையும் மாற்றிக் கொண்டார். அறிவியலாரும் ஆசாபாசமுள்ள மனிதரே. மாஜெந்தியின் கத்திக்கு இரையான குட்டிகளை மறப்பதற்கில்லை. மயக்க மருந்து அறியாத காலம் அது. 1825இல் லண்டன் நாடாளுமன்றத்திலேயே அவருடைய கொடுமை கண்டிக்கப்பட்டது. அந்தக் கண்டனமும் நியாயமே. அவர் கண்டறிந்த உண்மையும் உண்மையே.

1833இல் மார்ஷல் ஹால் எனும் ஆங்கில மருத்துவர், இரண்டு வாசலையும் இணைத்துக் காட்டினார். பின்வேர் வழியே வரும் தூண்டுதல் தண்டுவடத்தில் திரும்பி, முன்வேர் வழியே தசைக்குச் செல்கிறது, கண்ணாடியிலே பட்ட ஒளி திரும்புவதுபோல. இதற்கு விருப்பமும் வேண்டா, உணர்வும் வேண்டா, மூளையும் வேண்டா. நாம் இன்று அனிச்சைச் செயல் என்பது இதைத்தான். ஆனாலும் 1837இல் அவர் அளித்த அடுத்த கட்டுரையை அச்சிட ராயல் சொசைட்டி மறுத்துவிட்டது.

இப்போது வழக்கின் சுவையான கட்டம். 1853இல் செருமனியின் ஃப்ளூகர் என்ற இளைஞர், தலையற்ற தவளையின் விலாவில் ஒரு துளி அமிலம் இட்டார். தவளை, அந்தப் பக்கத்துக் காலைத் தூக்கி அமிலத்தைத் துடைத்தது. அந்தக் காலை வெட்டினார். தவளை, வெட்டுண்ட குறைக்காலை வீணே ஆட்டிற்று, சற்றுத் தயங்கிற்று, பிறகு மறுபக்கத்துக் காலைக் கொண்டுவந்து துடைத்தது! தலை இல்லை, மூளை இல்லை. ஆனால் ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடுகிறது. இது இயந்திரமா? தண்டுவடத்துக்கும் ஓர் உணர்வு, ஓர் ஆத்மா உண்டு என்றார் ஃப்ளூகர். லோட்சே என்ற தத்துவஞானி மறுத்தார்: இல்லை, தலை இருந்த நாளிலே தவளை கற்ற பழக்கத்தின் எச்சம் அது என்றார். ஆத்மா ஒன்றா, பலவா, அறுபடுமா, அறுபடாதா என்று ஏடுகள் எழுதிக் குவித்தனர். திண்ணைக்கு வந்துவிட்ட வேதாந்த விசாரம்!

திண்ணைப் பேச்சை முடித்து வைத்தது ஒரு சட்டி நீர். 1869இல் கோல்ட்ஸ் என்பவர் இரண்டு தவளைகளை எடுத்தார். ஒன்று முழுத் தவளை. மற்றொன்று மூளை நீக்கப்பட்டது. இரண்டையும் நீரிலிட்டு மெல்ல மெல்லச் சூடேற்றினார். சூடு ஏறஏற முழுத் தவளை தவித்தது, துள்ளிற்று, தப்பியோட முயன்றது. மூளையற்றதோ அசையாமல் அமர்ந்திருந்து, அங்கேயே வெந்து மாண்டது. அதே தவளையின் தோலில் அமிலம் இட்டால் மட்டும், சாகும் மட்டும், காலைத் தூக்கித் துடைத்தது! உணர்வு என ஒன்று தண்டுவடத்தில் குடியிருந்தால், அமிலத்துக்கு விழித்தெழும் அது கொதிநீரில் உறங்குமா? ஆகவே அமிலத்தைத் துடைப்பதும் நன்கமைந்த ஏற்பாடேயன்றி உணர்வன்று என்றார். (மெல்லக் கொதிக்கும் நீரில் தவளை அறியாமலே சாகும் என்று மேடைதோறும் கதை சொல்கின்றனரே, அது மூளை இழந்த தவளையின் கதை என்பதைச் சேர்த்துச் சொல்வோர் குறைவு!)

தண்டுவடத்தைக் காலி செய்த ஆத்மாவுக்கு மூளை மட்டும் பாதுகாப்பான இடமா? ருசிய நாட்டு இவான் செச்செனோவ் அதனையும் கேட்டுவிட்டார். 1862இல் பாரிசில், தவளையின் மூளைப் பகுதியொன்றில் உப்புக்கட்டியை வைத்தார். கால் இழுக்கும் அனிச்சைச் செயல் தளர்ந்து தாமதமாயிற்று. மூளை, அசைவை ஏவுவது மட்டுமன்று, அடக்கவும் செய்கிறது! நாடு திரும்பி எழுதினார்: சிந்தனை என்பதும் அனிச்சைச் செயல்தான், வெளித் தூண்டுதலில் தொடங்கி, அசைவில் முடியவேண்டியது, இறுதிக் கட்டத்தில் அடக்கப்பட்டால் அதுவே எண்ணம்.

இதனை, சீர்திருத்தக் கருத்துகளுக்குப் பேர்பெற்ற 'சமகாலத்தவன்' இதழுக்கு அளித்தார். சாரின் தணிக்கை அதிகாரிகள் விடுவரோ? பொதுமக்கள் படிக்கும் இதழில் வரக்கூடாது, மருத்துவர் ஏட்டில் வரலாம், தலைப்பையும் மாற்ற வேண்டும் என்றனர். உள்ளத்தின் நிகழ்ச்சிகளுக்கு உடலியல் அடிப்படை காண்பது என்ற தலைப்பு, அதிகாரிகளுக்குப் பொருளை அப்பட்டமாகக் காட்டிற்றாம்! ஆகவே 1863இல் 'மூளையின் அனிச்சைச் செயல்கள்' என்ற பெயரில் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. 1866இல் நூலாக அச்சானதும் படிகளைப் பறிமுதல் செய்து, ஒழுக்கத்தைக் கெடுக்கும் நூல் என்று வழக்குத் தொடுக்க முனைந்தனர். வழக்கு நிற்காதெனக் கண்டு 1867இல் விடுவித்தனர். வழக்காட யாரை அழைத்துச் செல்வீர் என நண்பர்கள் கேட்டபோது, ஒரு தவளையை எடுத்துச் சென்று நீதிபதிகள் முன்னிலையில் சோதனை செய்து காட்டுவேன் என்று செச்செனோவ் விடையிறுத்ததாகக் கூறுவர். தோழர்களே, ஏட்டைப் பறித்தால் எண்ணம் சாகும் என்று எண்ணாத அரசு எந்த நாட்டில் இருந்திருக்கிறது? அந்தச் சிறு நூலிலிருந்துதான் பாவ்லாவின் பேராராய்ச்சி முளைத்தது. அவரே அதனை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் உறுப்புகள் எவை? ஸ்பெயின் நாட்டு கஹால், 1888 முதல், நரம்பு மண்டலம் பின்னிப்பிணைந்த வலையன்று, தனித்தனி அணுக்களின் கூட்டம் என்று நுண்ணோக்கியில் வரைந்து காட்டினார். அதற்கு அவர் கையாண்ட சாய முறையைக் கண்டவர் இத்தாலியின் கோல்ஜி. 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கோல்ஜி பரிசு மேடையில் ஏறி நின்று கஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார்!

அதே 1906இல், ஆங்கிலேயர் ஷெரிங்டன் தம் பெருநூலை வெளியிட்டார். தண்டுவடத்தின் முன்பகுதியிலே, கொம்பு போன்ற சாம்பல்நிறப் பரப்பில், இயக்க நரம்பணுக்கள் வரிசையாக இருக்கின்றன. பாதத்துத் தசைக்குச் செல்லும் அணு, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள இழையை முன்வேர் வழியே அனுப்புகிறது. அந்த இழை முனையில் கிளைத்துப் பல தசையிழைகளைப் பற்றுகிறது. அணு முழங்கினால் அத்தனையும் ஒருங்கே சுருங்கும். கண்ணை அசைக்கும் நுண்பணியில் ஓர் அணுவின் கீழ்ப் பத்து இழை அளவே இருக்கும். கெண்டைக்கால் தசையிலோ ஆயிரத்துக்கும் மேல். மூளையின் ஆணையாயினும், தோலின் வலியாயினும், மூட்டின் செய்தியாயினும், தசையை அடைய இந்த அணுவைத் தவிர வேறு வழியில்லை. இறுதிப் பொதுவழி என்றே இதற்குப் பெயரிட்டார் ஷெரிங்டன். மன்னன் மாலையை வாங்கக் கை நீட்டினாலும், மண் சுமப்பவன் கூடையைத் தூக்கினாலும், இதே வழி!

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியால் தட்டுகிறார்; கால் உதறுகிறது. 1875இல் எர்ப், வெஸ்ட்பால் எனும் இரு செருமானியர் தனித்தனியே எழுதி வைத்த குறி இது. தட்டியதால் தொடையின் முன்தசை ஒரு கணம் இழுபடுகிறது. இழுபட்ட செய்தி பின்வேர் வழியே ஏறி, இடையில் வேறோர் அணுவின் தயவின்றி, நேரே இயக்க அணுவைத் தொடுகிறது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவிலே தசை விழித்துக் கொள்கிறது. தட்டியது நமக்குத் தெரியுமுன் கால் புறப்பட்டுவிடுகிறது! அதே வேளையில் தொடையின் பின்தசை எதிர்த்து இழுக்காதபடி அதன் அணுக்கள் அடக்கப்படுகின்றன. ஒரு மாட்டை ஓட்டும்போது மறுமாட்டின் கயிற்றைத் தளர்த்தும் வண்டிக்காரன் வேலை இது, வண்டிக்காரன்தான் இல்லை.

அடக்குவது எப்படி என்பதை 1951இல் நியூசிலாந்தில் கண்டவர், ஷெரிங்டனின் மாணவர் எக்கில்ஸ். பூனையின் ஒரே ஓர் இயக்க அணுவுக்குள் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செலுத்தி அளந்தார். அணுவுக்கு அணு செய்தி செல்வது மின்சாரத்தால் மட்டுமே எனப் பல ஆண்டு வாதாடி வந்தவர், தம் கருவி காட்டிய அளவு அதற்கு மாறாக இருக்கவே, வேதிப்பொருளே தூதர் என்று அறிவித்தார். அவருக்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆத்மா உண்டென்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை கைவிடவில்லை. அது அவர் உரிமை. ஊசியோ அவர் நம்பிக்கையைக் கேட்டு அளவு சொல்லவில்லை.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்துச் செய்தி என்று எண்ண வேண்டா. மூளைச்சாவு அடைந்தவரின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தும்போது, சிலருக்கு இரு கைகளும் மெல்ல எழுந்து மார்பின்மீது குவிவதுண்டு. 1984இல் ராப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் இதனை விரிவாக எழுதினார். கண்ட உறவினர் உயிர் திரும்பியது என்று கதறுவர்; கும்பிட்டு விடைபெறுகிறார் என்பாரும் உளர். மூளை மடிந்த பின்னும் சற்று நேரம் பிழைத்திருக்கும் தண்டுவடத்தின் வேலை அது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக் கொடைக்கு 2008இல் அரசு ஆணைகள் பிறந்தன. அந்த நேரத்தில், அழுது நிற்கும் குடும்பத்துக்கு இதனைப் பொறுமையோடு எடுத்துச் சொல்ல அருகிலே ஒருவர் வேண்டும்.

இன்னொன்று, சூம்பிய கால். எத்தனை குழந்தைகள் நம் தெருக்களில் தவழ்ந்தன! நேற்றுவரை ஓடிய பிள்ளை, இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பின் எழவில்லை. முற்பிறவிப் பாவம் என்றனர். தாய் செய்த குறை என்றனர். குலதெய்வத்தின் கோபம் என்றனர். கால் இழந்த பிள்ளைக்குக் குற்றப்பட்டமும் சேர்ந்தது! 1870இல் பாரிசில் ஷார்க்கோவும் ஷோஃப்ராவும், அந்நோய் கண்டு இறந்தோரின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் பார்த்தனர். காலிலே குற்றமில்லை, தசையிலே குற்றமில்லை. முன்கொம்பிலே இருக்க வேண்டிய பேரணுக்கள் சிதைந்து மறைந்திருந்தன. பின்வேர் பழுதில்லை, ஆகவேதான் அந்தக் காலில் முள் குத்தினால் வலிக்கும், விலக்க மட்டும் முடியாது. மாஜெந்தியின் கத்தி செய்ததை ஒரு நோய் செய்திருந்தது. 1908இல் வியன்னாவில் லேண்ட்ஸ்டைனரும் பாப்பரும், அந்நோயைக் குரங்குக்கு ஏற்றிக் காட்டி, அதன் காரணம் வைரஸ் என்பதை மெய்ப்பித்தனர். அழுக்கு நீரோடு குடலில் புகுந்து, குருதியில் கலந்து, இயக்க அணுவைத் தேடிக் கொல்கிறது அது. பாவம் செய்தவன் யார், புண்ணியம் செய்தவன் யார் என்று அது விசாரிப்பதில்லை. 1955இல் சால்க்கின் தடுப்பூசியும், 1960களின் தொடக்கத்தில் சேபினின் சொட்டு மருந்தும் பயனுக்கு வந்தன. இந்தியாவில் இயற்கை வைரஸால் கால் இழந்த கடைசிக் குழந்தை, 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் நம் நாடு இளம்பிள்ளை வாதம் அற்ற நாடெனச் சான்று பெற்றது.

ஆனால் முன்பே தாக்குண்டோர் இருக்கின்றனர். மாண்ட இயக்க அணு மீண்டும் முளைப்பதில்லை. எனினும் அதன் பக்கத்திலே பிழைத்த அணு சும்மா இருப்பதில்லை. அநாதையாகிவிட்ட தசையிழைகளை நோக்கிப் புதுக் கிளை விட்டு, அவற்றையும் தன் பொறுப்பில் ஏற்கிறது. ஒன்று செய்ய வேண்டிய வேலையைப் பல மடங்காகச் செய்கிறது. அதனால்தான் பலர் ஓரளவு தேறி எழுந்தனர், கையூன்றி நடந்தனர், வேலைக்குச் சென்றனர். முப்பது, நாற்பது ஆண்டுகள் அளவுக்கு மீறி உழைத்த அந்த அணுக்கள், முதுமையில் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்த அவர்களுக்கு, வலுவாக இருந்த காலும் புதிதாகச் சோர்கிறது, மாடிப்படி மலையாகிறது. வயதாகிவிட்டது என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். இளமையில் இளம்பிள்ளை வாதம் வந்ததுண்டா என்று மருத்துவர் முதலில் கேட்க வேண்டும்; ஓய்வும், அளவான பயிற்சியும், ஏற்ற தாங்குகருவியும் கிடைத்தால், எஞ்சிய அணுக்கள் இன்னும் பல ஆண்டு அவர்களைத் தாங்கும்.